இடப்பக்கம் இழுக்கும் ஹெரால்டு

என் வீட்டுக்காரர் செங்கல்வராயனுக்கு ஆந்திர எல்லையில் இருக்கிற நகரியில் ஆறு பவர்லூம் தறி, ஒரு பெண்டாட்டி, காலேஜில் படிக்கிற ஒரு மகள், ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். வரிசையை மாற்றிச் சொல்லிவிட்டேன். கார்தான் முதலில் வரும். தறி அடுத்தது. மூன்றாம் இடத்துக்கு எனக்கும் காவ்யாவுக்கும் போட்டி. பெரும்பாலும் அவள்தான் ஜெயிப்பாள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் புத்தூரில் ஒரு டாக்டர் வீட்டுக் கொட்டகையில் அந்தக் காரைப் பார்த்தார். பின்சீட்டில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. "கோழிக்கே புடிச்சிருக்குது பாரு தாட்சு" என்றார். தாட்சாயணி என்கிற என் பெயரை அவர் முழுதாகச் சொல்வது ரேஷன் கடையில் மட்டும்தான். வீட்டுக்கு வந்த காரை இளம்பச்சையில் பெயின்ட் அடித்து, இன்ஜினைப் பிரித்து மாட்டி, ஓட வைத்துவிட்டார். அது வரைக்கும் எனக்கும் பெருமைதான். லைசென்ஸ் வாங்கி நானும் அதை ஓட்டினேன். நகரியிலிருந்து புத்தூர் வரைக்கும் ஒரு குறையும் இல்லாமல் போய் வருவேன்.

வினை போனில் வந்தது. மூன்று மாதம் முன்பு, பெங்களூரில் பழைய கார்க்காரர்கள் கூடி நிற்கிற ஒரு வீடியோவைப் பார்த்தார். அதில் ஒரு ஹெரால்டு, பின்பக்கம் நன்றாகத் தாழ்ந்து நின்றது.

"இன்னா நிக்கு நிக்குது பாரு தாட்சு!"

நான் பார்த்தேன். கல்யாண வீட்டில் வயிறு முட்டத் தின்றுவிட்டு உட்கார்ந்தவர் மாதிரி இருந்தது. அதைச் சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை.

லேத் பட்டறையில் ஒரு இன்ச் கனத்தில் இரண்டு இரும்புக் கட்டை செய்து வாங்கி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்ஸ்பிரிங்குக்கு அடியில் வைத்தார். ஸ்பிரிங் மேலே போக, சக்கரமும் கூடவே மேலே ஏறி, கார் இரண்டு இன்ச் இறங்கியது. தறிக் கொட்டகையிலேயே வேலை நடந்தது. மெக்கானிக் கிடையாது. அவரே அடியில் படுத்துக்கொண்டார்.

ஹெரால்டில் பின்சக்கரம் ஒவ்வொன்றையும் முன்னாலிருந்து ஒரு இரும்புத் தண்டு பிடித்துக்கொண்டிருக்கும். அந்தத் தண்டு பாடியோடு சேருகிற இடத்தில் மெல்லிய தகடுகள் வைத்திருப்பார்கள். தகட்டைக் கூட்டினால் சக்கரம் கொஞ்சம் பின்னால் தள்ளும், குறைத்தால் முன்னால் வரும். இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். அன்றைக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது, ஆனால் தெரிந்த மாதிரி படுத்திருந்தார்.

தகடுகளைக் கழற்றி என் கையில்தான் கொடுத்தார். இடப்பக்கத்தில் ஐந்து, வலப்பக்கத்தில் ஒன்று.

"எவனோ வேலை தெரியாதவன் மாட்டிக்கீறான். ஒரு பக்கம் அஞ்சாம், ஒரு பக்கம் ஒண்ணாம்" என்று சொல்லிவிட்டு, பக்கத்துக்கு மூன்றாகப் பிரித்து மாட்டினார். தறிக்காரர் புத்தி அது. பாவு உருளையின் இரண்டு முனையிலும் ஒரே எடை தொங்காவிட்டால் துணி கோணிக்கொள்ளும். இருபத்தைந்து வருஷமாக இரண்டு பக்கமும் சமமாக எடை தொங்கவிட்டவர், காருக்கும் அதே நியாயத்தைச் செய்துவிட்டார். நானும் சரியென்றுதான் நினைத்தேன். ஆறை இரண்டால் வகுத்தால் மூன்று. கணக்கு டீச்சர் நான், வேறென்ன நினைப்பேன்?

வேலை முடிந்ததும் நாராயணவனத்துக்குக் கொண்டுபோய்க் கோயில் முன்னால் பூஜை போட்டோம். நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. "வீட்டு லட்சுமி நீ, நீயே எடு" என்று சாவியை என்னிடம் கொடுத்தார். நான் மெதுவாகத்தான் எடுத்தேன். மூன்று பழம் நசுங்கியது. பின்னால் இடப்பக்கத்துப் பழம் மட்டும் சக்கரத்துக்கு அடியிலிருந்து வழுக்கிக்கொண்டு ஓடிப்போய், தேங்காய்க்காரம்மா கூடையில் முட்டி நின்றது. ஒரு கீறல்கூட இல்லை.

எங்களோடு வந்திருந்த பக்கத்து வீட்டு முனிசாமி விழுந்து விழுந்து சிரித்தார். "டீச்சரம்மா, பழத்துமேலே ஏத்தச் சொன்னா பக்கத்துல ஏத்துறீங்களே!" அன்றைக்கு ஆரம்பித்தது.

அதற்கப்புறம் நான் எப்போது ஓட்டினாலும் கார் இடப்பக்கம் போயிற்று. தார்ரோட்டை விட்டு மண்ணில் இறங்கும். நான் பதறிப்போய்த் திருப்பினால் அந்தப் பக்கம் எகிறும். விஜயபுரம் ரோட்டில் ஒருநாள் நேராகப் போய்க்கொண்டிருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். பார்த்தால் வேர்க்கடலைக் கொல்லைக்குள் நிற்கிறேன். கொல்லைக்காரர் களையெடுப்பதை நிறுத்திவிட்டு, "கடலை இன்னும் முத்தலைம்மா, அடுத்த மாசம் வாங்க" என்றார்.

இது நகரி முழுக்கப் பரவியது. காவ்யா எனக்கு 'இடதுசாரி' என்று பெயர் வைத்தாள். ஸ்கூலில் ஸ்டாஃப் ரூமில் இடப்பக்கத்து நாற்காலியை எனக்கென்று ஒதுக்கினார்கள். முனிசாமி என் கார் கிளம்புகிற சத்தம் கேட்டால் தன் தண்ணீர் டிரம்மை உள்ளே உருட்டிக்கொண்டு போவார். நானும் கூடவே சிரித்தேன். சிரிக்காவிட்டால் டீச்சரம்மாவுக்குக் கோபம் என்று அதையும் சொல்லிச் சிரிப்பார்கள்.

என் வீட்டுக்காரர் ஓட்டும்போது அதே கார் அதே ரோட்டில் ஒழுங்காகப் போகும். அதுதான் எனக்கு விளங்கவில்லை. "உன் கைதான் தாட்சு. லைட்டா சாயுது. பழகப் பழகச் சரியாப்பூடும்" என்பார். மூன்று மாதம் பழகினேன். சரியாகவில்லை. கடைசியில் நானே நம்பிவிட்டேன். சாவி மாட்டியிருக்கிற ஆணிப் பக்கமே போவதை விட்டுவிட்டேன்.

இது வெறும் கேலியோடு போயிருந்தால் போகட்டும். ஆனால் அந்த மாதம்தான் எனக்குப் பிரமோஷன் வந்தது. பத்தொன்பது வருஷ சர்வீஸுக்கு அப்புறம் தலைமையாசிரியை. பாலசமுத்திரம் மண்டலத்தில் ஒரு ஹைஸ்கூலில் இடம் காலி. வீட்டிலிருந்து போக இரண்டு பஸ் மாற வேண்டும். அதில் இரண்டாவது பஸ் வந்தால் வரும். ஸ்கூல் திறக்கிற நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் கார் ஓட்டித்தான் ஆகவேண்டும். தறியை விட்டுவிட்டு அவர் தினமும் கொண்டுவிட முடியாது. திங்கட்கிழமை சித்தூரில் கவுன்சிலிங். வேண்டுமென்றால் கையெழுத்து, வேண்டாமென்றால் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். இந்த முறை விட்டால் மறுபடி எப்போது வருமோ யாருக்குத் தெரியும்?

வெள்ளிக்கிழமை சாயந்தரம் நான் "வேண்டாம்" கடிதத்தை எழுதிக் கைப்பையில் வைத்துவிட்டேன். எழுதும்போது அழுகை வந்தது. வெங்காயம் நறுக்கிக்கொண்டே எழுதியதாக அவரிடம் சொன்னேன்.

அவர் என் சிவந்த கண்ணைப் பார்த்தார். அப்புறம், "நாளைக்கித் திருப்பதி போய் கார அலைன்மென்ட் பாத்துக்கினு வரலாம். பின்டயர் உள்பக்கமே தேயுது. நீயும் வா" என்றார்.

"நான் எதுக்கு?"

"சும்மா வாயேன்."

சனிக்கிழமை அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். புத்தூர் தாண்டியதும் ரோடு ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கும். வேலை இல்லாமல் அவர் கையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஸ்டீரிங் நடுவில் ஒரு குறுக்குப் பட்டை இருக்கிறது. ரோடு நேராக இருந்தால் அது படுக்கையாக இருக்க வேண்டும். அது வலப்பக்கம் சாய்ந்திருந்தது. ரேணிகுண்டா வரைக்கும் சாய்ந்தேதான் இருந்தது.

"ஏங்க, ஸ்டீரிங் ஏன் கோணலா இருக்குது?"

"பழைய காரு. அப்டித்தான் இருக்கும்" என்று ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். காது மட்டும் சிவந்தது. வெயில் என்று நினைத்தேன்.

திருப்பதியில் அலைன்மென்ட் கடை வைத்திருப்பவர் சுதீர். முப்பது வயசு இருக்கும். பாதி தமிழ், பாதி தெலுங்கு. காரைப் பார்த்ததும் முதலில் போனை எடுத்து நாலு பக்கமும் போட்டோ பிடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரருக்கு உடம்பே பூரித்துவிட்டது. அப்புறம் சுதீர் பின்னால் போய்க் குனிந்து பார்த்தார். பின்சக்கரம் இரண்டும் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து, அன்றைக்குப் பிறந்த கன்றுக்குட்டி காலை அகட்டி நிற்கிற மாதிரி நின்றன.

"எறக்கினது யாரு சார்?"

"நாந்தான்" என்றார், இன்னும் பூரிப்பு வடியாமல்.

"ஓஹோ" என்று மட்டும் சொன்னார் சுதீர்.

காரை மேடையில் ஏற்றி, நான்கு சக்கரத்திலும் கருவியை மாட்டி, கம்ப்யூட்டரைத் தட்டினார். திரையில் கார் படம் வந்தது. முன்சக்கரத்து எண்கள் பச்சை. பின்சக்கரத்து எண்கள் எல்லாம் சிவப்பு. பத்தாம் வகுப்பு அரைப்பரீட்சைப் பேப்பர் மாதிரி இருந்தது.

சுதீர் தலையைச் சொறிந்தார். "சார், ஈ பண்டி நேரா எட்ல போத்துந்தி?" இந்த வண்டி எப்படி நேராகப் போகும் என்று கேட்கிறார். "ரெண்டு பின்சக்கரமும் ரைட்டு பாத்துக்கினு இருக்குது. பின்பக்கம் ரைட்ல தள்ளும், மூஞ்சி லெஃப்ட்ல போவும். அரை டிகிரி."

அரை டிகிரி. என் மனசு தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது. அரை டிகிரி விலகிக் கோடு போட்டால் ஒரு கிலோமீட்டரில் எட்டு மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். விஜயபுரத்து வேர்க்கடலைக் கொல்லை ரோட்டிலிருந்து நாலு மீட்டர்கூட இல்லை.

"அப்ப லெஃப்ட்ல இழுக்குறது காரா?" என்றேன்.

"காருதான் மேடம். லெஃப்ட்ல போகலைன்னாதான் ஆச்சரியம்." சுதீர் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க எப்படி சார் ஓட்டிக்கினு வந்தீங்க?"

அவர் டயரைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். "கொஞ்சம் ரைட்ல புடிச்சிக்கினே ஓட்டுவேன்."

"எப்போலேர்ந்து?" இது நான்.

"எறக்குனதுலேர்ந்து."

சுதீர் புத்திசாலி. டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விட்டார்.

"மூணு மாசம்" என்றேன். "மூணு மாசமா உங்களுக்குத் தெரியும்."

"தாட்சு, நாளைக்கிச் சொல்லலாம், நாளைக்கிச் சொல்லலாம்னு..."

"எலுமிச்சம்பழம் ஓடினப்போ தெரியுமா?"

"அப்ப தெரியாது. போம்போது ரோட்டுச் சாய்வுன்னு நெனச்சேன். பூஜை முடிஞ்சி திரும்பி ஓட்டிக்கினு வந்தேன் இல்ல, அப்ப தெரிஞ்சிது."

"கடலைக் கொல்லையில நான் நின்னப்போ?"

அவர் டயரில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டினார்.

"ஏன் சொல்லலை?"

"நானே எறக்கி, நானே கெடுத்துட்டேன்னு எப்டிச் சொல்றது? ஊரே கார்மேல கண்ணு வெச்சிக்கினு கீது. செங்கல்வராயன் கார் கோணல்னு பேராப்பூடும்."

"கார் பேரு கெடக் கூடாது. என் பேரு கெடலாமா?"

அவர்மேல் எனக்குக் கோபம் வருவது புதிதில்லை. வாரத்துக்கு இரண்டு தரம் வரும், சாப்பாட்டு நேரத்துக்குள் போய்விடும். இது அந்தக் கோபம் இல்லை. எனக்கு உண்மையாகவே வலித்தது. கைப்பையைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைப் பிரித்துப் படித்தார். இரண்டாவது வரியிலேயே கண்ணாடியைக் கழற்றிவிட்டார். எங்கள் கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் அந்த முகத்தை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், அவர் நைனா செத்த அன்றைக்கு.

"இத எழுதத்தான் வெங்காயமா?" என்றார்.

சுதீர் டீயோடு வந்து சேர்ந்தார். என் வீட்டுக்காரர் டீயை வாங்காமலே அடியில் இருக்கும் தகடு விஷயம் பூராவும் ஒப்புவித்தார். ஐந்தும் ஒன்றும் இருந்ததை மூன்று மூன்று ஆக்கியது, எவனோ வேலை தெரியாதவன் என்று திட்டியது, எல்லாம்.

சுதீர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். "அவன் வேலை தெரிஞ்சவன் சார். எல்லா பாடியும் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்காது. அளந்துதான் தகடு போடணும், எண்ணி இல்ல." அப்புறம் கொஞ்சம் தயங்கினார். "இன்னொண்ணு. ரெண்டு இன்ச் எறக்கம் ஜாஸ்தி. இப்படியே விட்டா டயர் உள்பக்கம் தேஞ்சிக்கினேதான் இருக்கும். கட்டையை எடுத்துடலாமா?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கேட்கவில்லை, பார்த்தார் அவ்வளவுதான். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவி மனுஷன்.

"ஒரு கட்டை இருக்கட்டும். ஒரு இன்ச் அவருக்கு, ஒரு இன்ச் எனக்கு" என்றேன்.

பத்து மணிக்கு ஆரம்பித்த வேலை மூன்று மணி வரைக்கும் இழுத்தது. ஒரு கட்டையை வெளியே எடுத்து, தகடுகளை மாற்றி மாற்றிப் போட்டு அளந்தார்கள். கடைசியில் இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் ஒன்று என்று நின்றது. மிச்சம் ஒரு தகடு. அதை நான் கேட்டு வாங்கிக் கைப்பையில் சிவப்புப் பேனாவோடு போட்டுக்கொண்டேன்.

"இப்போ கடைசி ரீடிங். இந்த வண்டிக்கு ஆள் வெயிட்டு முக்கியம். ஓட்றவங்க உக்காரணும்" என்றார் சுதீர்.

என் வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் வலப்பக்கக் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தார். வைத்தவர் நின்றார். காலை வெளியே எடுத்து, கதவை விரியத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"திங்கக்கெழமைலேர்ந்து டீச்சரம்மாதான் ஓட்டப்போறாங்க. அவங்களை வெச்சி அளங்க."

"கூர்ச்சோண்டி மேடம்" என்று சீட்டைக் காட்டினார் சுதீர். நான் உட்கார்ந்தேன். கார் என் பாரத்துக்குத் துளியூண்டு அசைந்து நின்றது. திரையில் ஒவ்வொரு எண்ணாகப் பச்சையாகிக்கொண்டு வந்தது. ஸ்டீரிங் பட்டை படுக்கையாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நான் அழுதுவிட்டேன். இந்தத் தடவை வெங்காயம் என்று சொல்லவில்லை.

திரும்பி வரும்போது நான்தான் ஓட்டினேன். புத்தூர் ரோட்டில் பத்து எண்ணும் வரைக்கும் ஸ்டீரிங்கை விரல் நுனியால் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தேன். கார் நேராகப் போயிற்று. பக்கத்து சீட்டில் அவர் டேஷ்போர்டைப் பிடித்தபடி, "ரைட்ல புடி, ரைட்ல புடி" என்றார்.

"எதுக்குங்க? நேராத்தானே போவுது?"

"ஆமா இல்ல" என்று கையை எடுத்தார்.

நாராயணவனத்தில் நிறுத்தி நாலு எலுமிச்சம்பழம் வாங்கினேன். நாலும் சட்னி. அவர் இறங்கிப் போய்ப் பின்னால் இடப்பக்கத்துப் பழத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வந்தார். தேங்காய்க்காரம்மா, "வேறெ பழம் வேணுமா?" என்று கேட்டாள்.

இதோடு முடிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை, சித்தூர் போவதற்கு முன்னால் காரைக் கழுவி வைக்கிறேன் என்று அவர் தறிக் கொட்டகைப் பக்கம் எடுத்துக்கொண்டு போனார். நான் வாசலில் டீ டம்ளரோடு நின்றேன். கார் கிளம்பியது. எங்கள் தெரு நேர்த் தெரு. கார் அழகாக வலப்பக்கம் போயிற்று. போய், முனிசாமி வீட்டுத் தண்ணீர் டிரம்மில் 'தொம்' என்று முட்டி நின்றது. டிரம் உருண்டு தெரு பூரா தண்ணீர்.

மூன்று மாதமாக வலப்பக்கம் பிடித்துப் பிடித்துப் பழகிய கை. கார் சரியாகிவிட்டது, கை இன்னும் சரியாகவில்லை.

முனிசாமி மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். எட்டிக்கூடப் பார்க்காமல் அங்கிருந்தே கத்தினார். "டீச்சரம்மா! டிரம்மு இருக்குறது உங்களுக்கு ரைட்ல! லெஃப்ட்லதானே போவீங்க, இன்னைக்கி இன்னா புதுசா?"

தெருவில் நாலைந்து கதவு திறந்தது. எல்லா முகத்திலும் சிரிப்பு தயாராக இருந்தது. டீயை ஒரு வாய் குடித்தேன். சொல்ல வேண்டியது நானில்லை.

கார் கதவு கொஞ்ச நேரம் திறக்கவே இல்லை. அப்புறம் திறந்தது. என் வீட்டுக்காரர் இறங்கி, தண்ணீரில் செருப்பு நனைய நடுத்தெருவில் நின்றார். மாடியைப் பார்த்து, தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய அந்தக் குரலில் சொன்னார்.

"தாட்சாயணி இல்ல முனிசாமி, நாந்தான் இடிச்சேன்! மூணு மாசமா லெஃப்ட்ல இழுத்துக்கினு இருந்ததும் அவ கை இல்ல. காரு. நாந்தான் தகட்டைத் தப்பா மாட்டிக் கெடுத்தேன். தெரிஞ்சும் வாய மூடிக்கினு இருந்தேன்!"

ரேஷன் கடைக்கு வெளியே அவர் வாயில் என் முழுப் பெயரைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

முனிசாமி கையில் ஈரத்துண்டோடு கைப்பிடிச் சுவருக்கு வந்து குனிந்து பார்த்தார். அவரைப் பார்த்தார், காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிக்கலாமா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை.

"அப்ப நாளைக்கிச் சித்தூருக்கு யாரு ஓட்றது?"

"அவதான்."

"நீ?"

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சாவிக்காகக் கையை நீட்டினேன்.

"அவரு உங்க டிரம்முக்குத் தண்ணி புடிக்கட்டும் முனிசாமிண்ணா" என்றேன்.